மருந்துச் சீட்டு, ரத்த ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி: மருந்தாளுநரின் பதில்கள்

மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவரின் பதில்கள்.

திருமங்கலம்: அண்ணே, அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. சொட்டு மருந்துக்கு எதிரே ஓ.டி.ன்னு எழுதியிருக்கு. கடைக்காரர் தினம் ஒரு தடவைங்கிறார், பக்கத்து வீட்டில வலது கண்ணுங்கிறாங்க. எது சரி?

இரண்டுக்குமே அந்த எழுத்துகள்தான். பொது மருத்துவர் எழுதினால் நாளைக்கு ஒரு தடவை. கண் மருத்துவர் எழுதினால் வலது கண்ணாக இருக்கலாம், ஓ.எஸ். இடது கண், ஓ.யு. இரண்டு கண்ணும். ஆர்.இ. (வலது கண்), எல்.இ. (இடது கண்) என்று எழுதியிருந்தால் குழப்பமில்லை.

உங்கள் சீட்டில் அதே வரியில் "6 தடவை", "4 தடவை" என்று எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓ.டி. வலது கண்ணைத்தான் குறிக்கிறது. புரை ஆபரேஷனுக்குப் பிறகு தரும் ஸ்டீராய்டு சொட்டை வழக்கமாக முதல் வாரம் பல தடவை போட்டு, வாரா வாரம் குறைப்பார்கள். அந்த மருந்துக்கு முதல் நாளிலிருந்தே ஒரு தடவை மட்டும் என்றால் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள். கண் அழுத்தத்துக்குத் தரும் லேட்டனோபிராஸ்ட் அப்படியில்லை. அது இரவில் ஒரே தடவைதான். கூடுதலாகப் போட்டால் அதன் பலன் குறையும்.

இரண்டு சொட்டு மருந்து இருந்தால் நடுவே 5 நிமிடம் விடுங்கள். உடனே போட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவி வெளியே தள்ளிவிடும்.

மேலூர்: அம்மாவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் 7.5 எழுதியிருக்காங்க. கடையில கவர் மேல 1-0-0ன்னு போட்டுக் கொடுத்தாங்க. தினமும் காலையில கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. 1-0-0 என்பது காலை, மதியம், இரவு என்ற கணக்கு. எந்தக் கிழமை என்று அதில் சொல்ல வழியில்லை. வாரம் ஒரு முறை என்பதை ஓ.டபிள்யூ. என்று கிறுக்கினால் அது ஓ.டி. போலவே தெரியும். கவரில் பிழை வருவது இப்படித்தான்.

தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண் வரும், வெள்ளையணுவும் தட்டணுவும் இறங்கும், உயிரே போகலாம். ஏற்கெனவே அடுத்தடுத்த நாட்களில் கொடுத்திருந்தால், உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாலும் நிறுத்திவிட்டு இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

சரியான முறை இது. மருத்துவரிடம் கேட்டு ஒரு கிழமையை முடிவு செய்து, அட்டையின் மேலேயே "திங்கள் மட்டும்" என்பதுபோல் பேனாவில் எழுதுங்கள். 2.5 மி.கி. மாத்திரை என்றால் அந்த ஒரு நாளில் மூன்று சேர்த்து 7.5. கூடவே எழுதும் ஃபோலிக் ஆசிட் வேறு கிழமையில். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு மருத்துவரிடம் போனால் முதலில் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது.

உசிலம்பட்டி: மக்களைத் தேடி மருத்துவத்தில பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது சார். மதுரையில ஒரு டாக்டர் டெல்மிசார்டன் ஏ.எம்., கிளிமிபிரைடு எம்1 எழுதியிருக்கார். ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடணுமா?

கேட்காமல் சேர்க்காதீர்கள். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து, உள்ளே இன்னொரு மருந்தும் இருக்கிறது என்று சொல்கிறது. ஏ.எம். என்றால் அம்லோடிபின், எம் என்றால் மெட்ஃபார்மின், ஹெச் என்றால் ஹைட்ரோகுளோரோதையசைடு. எம்1, எம்2 என்பதில் எண் கிளிமிபிரைடின் மில்லிகிராம்.

வீட்டுக்கு வரும் பையில் அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் தனித்தனியாக இருந்தால், நீங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு மடங்கு விழுங்குவீர்கள். கால் வீங்கும், தலை சுற்றும், வயிற்றால் போகும். எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் மதுரை டாக்டரிடம் இரண்டையும் காட்டி, எதை நிறுத்துவது என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஹெச் சேர்ந்த மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு உப்புச்சத்து இறங்கி, பேச்சுக் குழறலாம். வாந்தி பேதி வந்தால் உடனே காட்டுங்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்றிருந்தால் மருந்து மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை. பொடித்துக் கொடுக்கக் கூடாது.

அலங்காநல்லூர்: இன்சுலின் ஊசி வழக்கமா வாங்குறது கிடைக்கல. ஆரஞ்சு மூடி ஊசி கொடுத்தாங்க. 20 கோடு வரைக்கும் இழுத்தாப் போதுமா?

போதாது. பாட்டிலில் 40 ஐ.யு./மி.லி. என்று இருக்கும், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி 100க்கு உரியது. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு ஊசியில் 20 கோடு இழுத்தால் உள்ளே வருவது 0.2 மி.லி., அதாவது 8 யூனிட்தான். சுகர் இறங்காது. தலைகீழாக, 100 மருந்தைச் சிவப்பு ஊசியில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். மனக்கணக்குப் போட்டுச் சமாளிக்காமல் ஊசியை மாற்றி வாங்குங்கள்.

செல்லூர்: அப்பா ரிப்போர்ட்டில டி.சி. 11,200. கொழுப்பு இவ்வளவா?

கொழுப்பு இல்லை. ரத்த அணு ரிப்போர்ட்டில் டி.சி. என்பது மொத்த வெள்ளையணு. 4,000 முதல் 11,000 வரை வழக்கமான அளவு. கொழுப்பு ரிப்போர்ட்டிலும் டி.சி. உண்டு, அது மொத்தக் கொலஸ்ட்ரால், மி.கி./டெ.லி. கணக்கில். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் படித்தாலே தெரிந்துவிடும். தட்டணு 180 என்று பார்த்துப் பதறுகிறவர்களுக்கும் இதே பதில். அலகு ஆயிரத்தில் இருக்கும். 180 என்றால் 1.8 லட்சம்.

திருப்பரங்குன்றம்: எக்கோவில இ.எஃப். 45%. பாதி இதயம் போச்சா?

இல்லை அம்மா. இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. நல்ல இதயமும் 100 தள்ளாது, சுமார் 55 முதல் 70 வரைதான். 45 சற்றுக் குறைவு. மாத்திரையை விடாமல், சொன்ன தேதியில் போய்க் காட்டுங்கள்.

ஆரப்பாளையம்: டிஸ்சார்ஜ் சம்மரியில ஆர்/ஓ டி.பி.ன்னு போட்டிருக்கு. தம்பிக்கு டி.பி.யா?

டி.பி. இருக்கிறதா, இல்லையா என்று சோதித்து விலக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். நோய்ப் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தாலும் சந்தேகம் மட்டுமே. கே/சி/ஓ என்று இருந்தால்தான் ஏற்கெனவே உறுதியான நோய். என்.ஏ.டி. என்றால் கோளாறு எதுவும் தென்படவில்லை. சளிப் பரிசோதனை முடிவு வாங்கிவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள். அதை வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

வாடிப்பட்டி: அக்கா பிள்ளைக்குப் பாராசிட்டமால் சிரப், எஸ்.ஓ.எஸ். 6 மி.லி. எழுதியிருக்கு. வீட்டில வேற பாட்டில் இருக்கு, அதைக் கொடுக்கலாமா?

எஸ்.ஓ.எஸ். என்றால் காய்ச்சலோ வலியோ இருக்கும்போது மட்டும். பாட்டிலை மாற்றினால் மி.லி.யும் மாறும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்று வையுங்கள். 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கும் சிரப்பில் அது 6 மி.லி. 250 மி.கி. சிரப்பில் 3 மி.லி. 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும் டிராப்ஸில் வெறும் 1.5 மி.லி. டிராப்ஸை 6 மி.லி. கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும், ஈரல் கெடும். லேபிளில் எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி. என்று படித்துவிட்டு, சமையலறைக் கரண்டியைத் தவிர்த்து, கூட வரும் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சளி சிரப்பும் கொடுக்கிறீர்கள் என்றால் அதன் லேபிளையும் பாருங்கள். பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும்.