குரல் மட்டும் மிஞ்சிய வீடு

கேள்வி: உயர்நிலை மூன்றில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள், அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1950இல் வெளியிட்ட, ஆளில்லாத தானியங்கி வீட்டைப் பற்றிய 'There Will Come Soft Rains' என்ற சிறுகதைக்குத் 'தொனி: சோகம்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் கோடிட்டு, 'எந்த வரியில்?' என்று கேட்டிருக்கிறார். நானும் படித்துப் பார்த்தேன். எந்த வரியிலும் அழுகை இல்லை. ஆனால் படித்து முடித்ததும் மனம் கனத்துப்போனது. இதை அவளுக்கு எப்படி விளக்குவது? அந்த வீடு எதற்குக் குறியீடு?
– ஈசூன் வாசகி

பதில்: உங்கள் மகள் உணர்ந்தது சரி, ஆசிரியர் கேட்டதும் சரி. தொனி என்பது சொல்லும் குரலின் மனநிலை. படிப்பவர் மனத்தில் எழுவது வேறு. இந்தக் கதையில் சோகம் முழுவதும் நம்மிடம் இருக்கிறது, குரலில் துளியும் இல்லை.

'The Martian Chronicles' நூலில் முதலில் வந்த வடிவத்தின்படி கதை நடப்பது 2026 ஆகஸ்ட் 4ஆம் தேதி, கலிஃபோர்னியாவில். அணுகுண்டால் நகரம் சாம்பலான பிறகு ஒரே ஒரு வீடு நிற்கிறது. சுவரிலிருக்கும் குரல் மணி ஏழானதைப் பாடி எழுப்புகிறது. அடுப்பு எட்டு முட்டைகளைப் பொரிக்கிறது. உண்ண யாரும் வராததால் எல்லாம் கழிவாகிப் போகிறது. எலி போன்ற இயந்திரங்கள் தரையைத் துப்புரவாக்குகின்றன. கதைசொல்லியும் கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு மணி மணியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். மேற்குச் சுவர் முழுவதும் கருகி, ஐந்து இடங்களில் மட்டும் சாயம் மிஞ்சியிருப்பதையும் அதே நிதானத்தில்தான் சொல்கிறார்: புல் வெட்டும் ஆண், பூப்பறிக்கக் குனிந்த பெண், பந்தை வீசிய சிறுவன், அந்தரத்தில் அந்தப் பந்து, அதைப் பிடிக்கக் கைகளை உயர்த்திய சிறுமி. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவின் கற்படிகளில் மனித நிழல்கள் பதிந்து நின்றதை அறிந்தவர்களுக்கு இந்த வரிகளுக்கு உரை வேண்டியதில்லை. முட்டைகளின் எண்ணிக்கையையும் ஒரு குடும்பத்தின் முடிவையும் ஒரே குரலில் கேட்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

தமிழுக்கு இது புதிதன்று. புறநானூற்றின் 112ஆம் பாடலில் பாரி மகளிர், சென்ற மாத நிலவொளியில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த மாத நிலவொளியில் இரண்டும் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். 'அழுதோம்' என்ற சொல் அங்கும் இல்லை. நிலவு வழக்கம்போல் வருவதே நம்மை அழவைக்கிறது. பிராட்பரியின் வீட்டில் அந்த நிலவின் இடத்தில் கடிகாரம் இருக்கிறது.

தோ பாயோவில் நாங்கள் இருந்த புளோக்கில் பக்கத்து வீட்டுப் பாட்டி காலமான பின், வீடு பூட்டிக் கிடந்த நாள்களிலெல்லாம் காலை ஐந்தரைக்கு அவருடைய கடிகார வானொலி தானாகப் பாடத் தொடங்கி ஆறு மணிக்கு அடங்கும். இறுதிச் சடங்கில் கண் கலங்காத என் அம்மா, ஒரு நாள் சுவர் வழியாக அந்தப் பாட்டைக் கேட்டபடி தோசைக்கல்லின் முன்னால் நின்று அழுதார். வந்தது உற்சாகமான பாட்டுதான். உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தொனிக்கும் உணர்வுக்கும் உள்ள இடைவெளி அவளுக்குச் சட்டென்று பிடிபடும்.

இன்னொன்றையும் அவள் கவனிக்கட்டும். மனிதர்களின் சாவைச் சொல்லும்போது குளிர்ந்திருந்த குரல், இரவு பத்து மணிக்கு வீடு தீப்பிடித்ததும் சூடேறுகிறது. வீட்டுக்கு எலும்பும் நரம்பும் தோலும் வந்துவிடுகின்றன. சுவர்க் குரல்கள் குழந்தைகளைப் போல ஓலமிட்டு ஒவ்வொன்றாக அடங்குகின்றன. அந்தக் குடும்பத்துக்காகப் பதைக்க நமக்கு அவகாசமே தராத கதை, ஒரு கட்டடத்துக்காக நம்மைப் பதைக்கவைக்கிறது. என் வாசிப்பில் கதையின் உச்சம் இதுதான்.

குறியீட்டுக்கு வருவோம். வீடு என்றால் தொழில்நுட்பம், தொழில்நுட்பம் என்றால் தீமை என்று எழுதினால் கதை கைநழுவிவிடும். அந்த வீடு யாருக்கும் கேடு நினைக்கவில்லை. தெய்வங்கள் நீங்கிய பின்னும் சடங்கு ஓயாத பலிபீடமாக அதைப் பிராட்பரி காட்டுகிறார். மூலவர் இல்லாத கோயிலில் வேளை தவறாமல் மணியடித்து நைவேத்தியம் படைப்பதாக நாம் எண்ணிக்கொள்ளலாம். எலும்பும் புண்ணுமாக வந்த நாயின் குரலை அடையாளம் கண்டு கதவைத் திறக்கத் தெரிந்த வீட்டுக்கு, அதன் பசி தெரியவில்லை. சமையலறைக் கதவுக்கு வெளியே பான்கேக் வாசனையை மோந்த நாய், வெறிகொண்டு சுழன்று சாகிறது. எலிகள் உடலை எரியுலைக்குக் கொண்டுபோகின்றன. கடமை தவறாத, ஆனால் யாருக்காக என்று அறியாத அறிவையே நான் இங்கே காண்கிறேன். அதே அறிவுதான் குண்டையும் செய்தது என்று கதை ஒருமுறைகூடச் சொல்வதில்லை. வீட்டின் உட்புறத்தையும் கருகிய வெளிச்சுவரையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

கேள்வி: படிமமும் குறியீடும் ஒன்றா?
– ஜூரோங் வாசகர்

பதில்: இல்லை. மேலே சொன்ன கதையிலேயே, சுவரில் தெரியும் பந்து முதல் வாசிப்பில் படிமம். கண்முன் நிற்கும் ஒரு காட்சி. அது இனி ஒருபோதும் கீழே இறங்காது என்பது உறைத்த பிறகு, அதே பந்து நின்றுபோன ஒரு வாழ்வு முழுவதையும் ஏந்திக்கொள்ளும்போது அது குறியீடாகிறது. வெளியே தெரியும் காட்சிக்குள் வேறொரு பொருளை வைத்துச் சொல்வதைத் தொல்காப்பியர் உள்ளுறை என்பார். அது இதற்கு நெருக்கமானது. அங்கேயும் பூவும் மீனும் முதலில் பூவாகவும் மீனாகவும் நம் கண்ணில் பட்டாக வேண்டும்.