பியானோவில் பூவையும் தோட்டத்தையும் எப்படிக் காட்டுகிறார்கள்?

வாசனையையும் நிறத்தையும் பியானோவால் தர முடியாதே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். அதனால் இசையமைப்பாளர்கள் தோட்டத்தில் நடப்பதைப் பிடிக்கிறார்கள்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபூஸி 1903இல் எழுதிய 'மழையில் தோட்டங்கள்' எனக்கு மிகப் பிடித்த உதாரணம். சோகச் சாயல் கொண்ட ஈ மைனர் சுரவரிசையில், மிக மெல்லிய ஒலியில், இடைவிடாமல் ஓடும் வேகமான சுரங்கள்தான் மழை. கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்: அந்தத் தூறலுக்குள் இரண்டு பிரெஞ்சுக் குழந்தைப் பாடல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று தாலாட்டு, இன்னொன்று 'இனி நாம் காட்டுக்குப் போகமாட்டோம்' என்பது. மழை கொட்டும்போது வெளியே போக முடியாத குழந்தையின் ஏக்கம் அதில் எனக்குக் கேட்கிறது! முடிவில் இசை பிரகாசமான ஈ மேஜர் சுரவரிசைக்கு மாறும்போது வெயில் பளிச்சென்று அடிக்கும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமானின் 'வனக் காட்சிகள்' தொகுப்பில் பூ வேறு மாதிரி. 'தனித்த மலர்கள்' எளிமையானது. வலக்கை வாசிக்கும் இரண்டு மெட்டுகள் கொடிபோலப் பின்னிக்கொள்ளும். அடுத்த துண்டுக்கு முகப்பாக ஜெர்மன் கவிஞர் ஹெப்பலின் கவிதை வரிகளை வைத்திருக்கிறார்: வெளிறிய பூக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கருஞ்சிவப்பு, மனித ரத்தம் குடித்த மண்ணிலிருந்து வந்த சிவப்பு. தயங்கித் தயங்கி நகரும் அந்த மெதுவான இசையை இரவில் தனியாகக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸும் டெய்சி, ஐரிஸ் உள்பட ஐந்து பூக்களுக்கு ஆளுக்கொரு சிறு துண்டு எழுதியிருக்கிறார். முதலில் டெபூஸியிலிருந்து தொடங்குங்கள்.