வாசகர் கேள்வி: மீட்டருக்குத் தெரியாத புகை

கேள்வி: ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து 20 மீட்டர் தள்ளி எங்கள் வீடு. கையடக்க பி.எம். 2.5 மீட்டர் (காற்றிலுள்ள, 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகளை அளக்கும் கருவி) ஒன்று வாங்கினேன். பால்கனியிலும் பின்னறையிலும் ஏறத்தாழ ஒரே எண்தான் வருகிறது. அப்படியானால் சாலைப் புகை வீட்டுக்குள் வரவில்லையா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: வருகிறது, மீட்டருக்குத்தான் தெரியவில்லை. இவ்வகை மீட்டர் லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சைலன்சரிலிருந்து அப்போதுதான் வெளிவந்த துகள்களோ, எண்ணிக்கையில் பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்கும் சிறியவை. தவிர, பி.எம். 2.5-இல் பெரும்பங்கு ஊர் முழுக்கப் பரவிக் கிடப்பது. மார்கழி விடியலில் எண் எகிறினால், ஈரம் குடித்து ஊதிய துகளாகவும் இருக்கலாம்.

வண்டிப் புகைக்குப் பொருத்தமான அடையாளம் நைட்ரஜன் டை ஆக்சைடு. மலிவான வழி டிஃப்யூஷன் டியூப்: 7 செ.மீ. குழாய், மேல்மூடிக்குள் ட்ரைஎத்தனாலமைன் தடவிய எஃகு வலை. பம்ப் கிடையாது. கீழ்மூடியைக் கழற்றி, வாய் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டால், மணிக்குச் சுமார் 70 மி.லி. காற்றிலுள்ள வாயுதான் வலையில் சேரும். அதனால் நான்கு வாரம் விடுங்கள். திறந்த நேரம், மூடிய நேரம் இரண்டையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். டியூப்பை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அந்த நேரத்தை வைத்தே வகுத்து அளவைச் சொல்லும்.

சாலையோரக் கம்பம், பால்கனி, பின்னறை என இடத்துக்கு மூன்று டியூப். திறக்காத ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க, ஃப்ரிட்ஜில். சுவரோடு ஒட்டினால் குறைத்துக் காட்டும், நடுவே 5 செ.மீ. மரக்கட்டை வையுங்கள். காற்று சுழன்றடிக்கும் மாடி மூலையில் கூட்டிக் காட்டும். சிலந்தி புகுந்த டியூப் வீண். பின்னறை எண் பால்கனியை மிஞ்சினால் கேஸ் அடுப்பைச் சந்தேகியுங்கள். அதன் சுடரிலும் இதே வாயு உண்டு. அனுமதி கிடைத்தால் ஒரு செட்டை அரசுக் கண்காணிப்பு நிலையத்தருகே தொங்கவிட்டு, அதே நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இந்திய ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 10. ஒரு மாத அளவை வைத்து அவசரப்பட்டுத் தீர்ப்பெழுத வேண்டாம்.

கேள்வி: பைக்கில் போகும்போது கரித்துகள் அளக்கும் கருவி இடையிடையே மைனஸ் காட்டுகிறது. அந்த எண்களை நீக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: நீக்காதீர்கள். காற்றை வடிகட்டும் வடிதாள் நிமிடத்துக்கு எவ்வளவு கறுக்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. வண்டி பள்ளத்தில் குதித்தால் ஒரு நிமிடம் எகிறும், அடுத்த நிமிடம் அதே அளவு கீழே இறங்கும். இறங்கியதை மட்டும் தூக்கினால் சராசரி பொய்யாக ஏறிவிடும். ஐந்தைந்து நிமிடமாகச் சேர்த்துப் பாருங்கள். உறிஞ்சுகுழாயின் முனை சட்டைக் காலரில், மூக்குக்கு 30 செ.மீ.க்குள் இருக்கட்டும்; தோள்பைக்குள் கிடந்தால் அந்தப் பையின் உள்ளிருக்கும் காற்றைத்தான் அளக்கும்.