நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி: கம்ப்ரசரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2010 மாடல் சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது. வேலை விஷயமாக அடிக்கடி ஓசூர் போய் வருவேன். ரோட்டில் ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் கூட்டம் இருந்து நிற்க வேண்டி வந்தால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, ஏசியிலும் வெறும் காற்றுதான் வருகிறது. கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டும் சரியாகிவிடுகின்றன. போன வருஷம் ஒரு முறை, இந்த வெயிலுக்கு ஒரு முறை என்று ஏசிக்கு கேஸ் ஏற்றியாகிவிட்டது. இப்போது ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசர், ரேடியேட்டர் இரண்டும் போய்விட்டன, மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரைக் காட்டவில்லை, ரேடியேட்டர் ஃபேனைத்தான் காட்டுகின்றன.

பானெட்டைத் திறந்து முன்பக்கம் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல் ஏசியின் கன்டென்சர் இருக்கும். இரண்டும் சூட்டை வெளியே தள்ள ஒரே காற்றைத்தான் நம்பியிருக்கின்றன. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். அது ஓடாவிட்டால், அல்லது மெதுவாக ஓடினால், இன்ஜினும் சூடாகும், கன்டென்சரில் கேஸின் அழுத்தமும் எகிறும். அழுத்தம் அளவைத் தாண்டினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். இன்ஜின் அதிகமாகச் சூடானாலும் பல கார்களில் கம்ப்ரசர் தானாக நின்றுவிடும். அப்போது வெறும் காற்று வருவதைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்ரசர் போச்சு என்கிறார்கள். தேய்ந்துபோன கம்ப்ரசராலும் நிற்கும்போது குளிர்ச்சி குறையலாம், ஆனால் அதனால் மட்டும் டெம்பரேச்சர் முள் இப்படி ஏறாது.

ரேடியேட்டருக்கும் உங்கள் வழியிலேயே பதில் இருக்கிறது. உள்ளே அடைத்துப்போன ரேடியேட்டர் முதலில் மேலுமலை ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும். ஏசியைப் போட்டுக்கொண்டு அதில் ஏறும்போதும் முள் அசையவில்லை என்றால் ரேடியேட்டரை ஏன் மாற்ற வேண்டும்? ஏற்றத்தில் முள் ஏறி, வண்டி நின்றால் இறங்குகிறது என்றிருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். அப்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு), வாட்டர் பம்ப், ரேடியேட்டர் அடைப்பு என்று அந்தப் பக்கம் தேடச் சொல்லியிருப்பேன்.

ஃபேனை நீங்களே சோதிக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். உடனேயோ, கம்ப்ரசர் ‘டக்’ என்று பிடிக்கும்போதோ ஃபேன் சுற்ற வேண்டும். அப்புறம் ஒரு செய்தித்தாள் பக்கத்தை கன்டென்சரின் முன்பக்கம் வைத்துப் பாருங்கள். காற்று நன்றாக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நழுவி விழுந்தால் ஃபேனுக்கு வேகம் போதவில்லை, அல்லது தூசி அடைத்திருக்கிறது. கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.

ஃபேன் சுற்றவே இல்லை என்றால் ஒரு எலக்ட்ரீஷியனிடம் போய், பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாகக் கரன்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. ஃபியூஸ், ரிலே, வயரிங் அல்லது சுவிட்சில்தான் கோளாறு, பெரும்பாலும் சின்னச் செலவில் முடிந்துவிடும். தடுமாறிச் சுற்றினாலோ, தட்டினால்தான் சுற்றுகிறது என்றாலோ மோட்டாருக்குள் கரன்ட்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டாரை மாற்றினாலும் 28,000-க்குப் பக்கத்தில்கூட வராது.

நம் பக்கம் கிரானைட் லாரிகள் ஓடும் சாலைத் தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம். கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் அது படிந்துகொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சாதாரண ஓஸ் பைப்பால், முடிந்தால் இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கிக் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கேஸ் விஷயத்தில் உங்களுக்கு நடந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. ஒரே வருஷத்தில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்காமல் மறுபடி ஏற்றுவது வீண். குறையாமலே மேலும் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம், அழுத்தம் கூடி, வண்டி நிற்கும்போது குளிர்ச்சி குறையும். ஃபேன் சரியான பிறகும் குளிர்ச்சி போதவில்லை என்றால் மட்டும் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் ஏற்றுவதாக இருந்தால் முதலில் வாக்குவம் போட்டு (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), கொஞ்ச நேரம் நிறுத்தி முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்கில்தான் ஏற்ற வேண்டும்.

எந்த வேலை செய்தாலும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், ஸ்பேரின் அட்டைப்பெட்டியில் எம்ஆர்பி பாருங்கள், கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தேவையில்லாத வேலைக்குப் பணம் வாங்கிவிட்டார்கள் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு இரண்டு வருஷ அவகாசம் உண்டு. கையில் பில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

கேள்வி: ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வீட்டு போர்த் தண்ணீரையே ஊற்றுகிறேன். தெர்மோஸ்டாட்டையும் மெக்கானிக் கழற்றிவிட்டார். தவறா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: இரண்டுமே தவறு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வழியில் ஆபத்துக்கு ஊற்றலாம், ஊர் வந்ததும் முழுக்க வடித்துக் கழுவிவிட்டு கூலன்ட் நிரப்பிவிடுங்கள். தண்ணீர் கலக்க வேண்டிய கூலன்ட் என்றால் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரைச் சேருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடினால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், மைலேஜ் குறையும், தேய்மானமும் கூடும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம், தண்ணீர் ஏன் குறைகிறது என்று பார்ப்பது. வெளியே எங்கும் ஒழுகாமல் குறைகிறது, புகைக்குழாயில் விடாமல் வெள்ளைப் புகை வருகிறது, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த டீ நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.