மருத்துவர் பதில்: யார்க்கிக்குப் பச்சைக்கறி கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் யார்க்‌ஷயர் டெரியர் (யார்க்கி) வகை நாய் ஒன்று இருக்கிறது. பெயர் பட்டு. வயது 1 வருடம் 8 மாதம், எடை 2.8 கிலோ. முன்பு பாக்கெட் உணவும் தயிர்சாதமும் கொடுத்துவந்தோம். சாப்பிடவே அடம்பிடிப்பாள். கணவரின் நண்பர் சொன்னதைக் கேட்டு மூன்று வாரமாகப் பச்சைக் கோழிக் கழுத்தும், வாரம் இரண்டு நாள் பச்சை ஆட்டு ஈரலும் கொடுக்கிறோம். இப்போது தட்டை நக்கிவிட்டுத்தான் நகர்கிறாள். ஆனால் மலம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக வருகிறது, முக்குகிறாள். ஈரல் கொடுத்த நாட்களில் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் லேசாகத் தள்ளாடி, சுவரோரமாகவே நின்றுகொண்டிருக்கிறாள். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டோம். வீட்டில் 2 வயதுக் குழந்தையும், சர்க்கரை நோய் உள்ள மாமியாரும் இருக்கிறார்கள். “நாய் ஓநாய் வம்சம், பச்சைக்கறிதான் இயற்கை” என்கிறார் நண்பர். தொடரலாமா டாக்டர்?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தொடர வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்த இன்றே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கேட்டது பச்சைக்கறியைப் பற்றி. ஆனால் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஈரல் சாப்பிட்ட நாளில் தள்ளாடுகிறாள், சுவரோரமாக நிற்கிறாள் என்று, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது தூக்கக் கலக்கமாக இல்லாமலும் இருக்கலாம். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் கல்லீரலுக்குப் போய்ச் சுத்தமான பிறகுதான் உடம்பு முழுக்கப் போக வேண்டும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்கு ரத்தக்குழாய் இருந்துவிடும். ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேராக இதயத்துக்குப் போய்விடும். புரதம் செரிக்கும்போது குடலில் உண்டாகிற அம்மோனியாவை முறிக்க ஆளில்லாமல் அது மூளை வரைக்கும் ஏறும். அதனால்தான் கறியோ ஈரலோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இந்த நாய்கள் மந்தமாகும், தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். முற்றினால் வலிப்பே வரும். இந்தக் குறை அதிகமாகக் காணப்படும் இனங்களில் யார்க்‌ஷயர் டெரியரும் ஒன்று. பெரும்பாலும் குட்டியிலேயே தெரிந்துவிடும் என்றாலும், லேசாக இருக்கும் நாய்களில் உணவு மாறும்போதுதான் வெளிப்படும். பட்டு முன்பு தயிர்சாதத்தில் இருந்தாள், புரதம் குறைவு. இப்போது திடீரென்று கறியும் ஈரலுமாக மாறியிருக்கிறது. எனக்குச் சந்தேகம் வர இதுதான் காரணம்.

இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து அதைச் சொல்லவும் முடியாது. பித்த அமிலப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். அதில் சந்தேகம் வந்தால் வயிற்று ஸ்கேன். இந்த வாரமே செய்துவிடுங்கள். இருப்பது உறுதியானாலும் பயந்துவிட வேண்டாம். மருந்தும் உணவுமாகச் சமாளிக்கலாம், அறுவை சிகிச்சையும் உண்டு. அடுத்தமுறை தள்ளாடினால் கைபேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கிளினிக் மேசையில் ஏறியதும் எல்லா நாயும் சுறுசுறுப்பாகிவிடும். வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கிடந்தாலோ மட்டும் நாள் பார்க்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு போங்கள்.

சரி, இனி பச்சைக்கறிக்கு வருவோம். நண்பர் தப்பான எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இந்த உணவுமுறையை 1993 வாக்கில் பிரபலமாக்கியவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். பச்சைக்கறி தின்னும் நாய்கள் ஆசையாகத் தின்னும், மலம் அளவில் குறையும், கொழுப்புச் சேர்வதால் ரோமம் மின்னும். இதெல்லாம் கண்ணால் பார்ப்பதுதான். ஆனால் இந்தப் பலன்கள் நல்ல கறியால் வருபவை, பச்சையாக இருப்பதால் வருபவை அல்ல. அதே கறியை வேகவைத்துக் கொடுத்தாலும் கிடைக்கும்.

ஓநாய்க் கதையும் பாதிதான் உண்மை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான், நாய்களுக்கு அதைவிடப் பல மடங்கு இருக்கிறது என்று 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம்மோடு சேர்ந்து சோறு தின்றே மாறிப்போன பிராணி இது. யார்க்கி இன்னும் சமீபத்து வரவு. 19-ம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நெசவாலைப் பகுதிகளில் எலி பிடிக்க வளர்த்த சிறுநாய்களிலிருந்து வந்த இனம்.

அடுத்து அந்தக் கழுத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கிளினிக்குக்கு ஒரு யார்க்கியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மூன்று கிலோகூட இருக்காது. கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, விடாமல் விழுங்கி விழுங்கிப் பார்க்கிறது. தாடியெல்லாம் நுரைத்த எச்சில். கொடுத்த தண்ணீர் அடுத்த நொடியே மூக்கு வழியாக வருகிறது. எக்ஸ்ரேயில் இதயத்துக்கு நேர் மேலே உணவுக்குழாயில் ஒரு கோழிக் கழுத்துத் துண்டு. முள்ளெலும்பு ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மெல்லாமல் முழுங்கியிருக்கிறது. எண்டோஸ்கோப்பி வசதி உள்ள இடத்துக்கு அனுப்பி எடுத்தோம். அதிர்ஷ்டவசமாகக் குழாய் கிழியவில்லை, பிழைத்துக்கொண்டது. கிழிந்திருந்தால் காப்பாற்றுவது கடினம். பச்சை எலும்பு, வெந்த எலும்பைப் போலச் சிம்பு சிம்பாக உடையாது என்பது ஓரளவு சரி. அதற்காக அது சிக்காது என்று அர்த்தமில்லை. உணவுக்குழாயில் எலும்பு சிக்கி வருபவற்றில் சிறிய டெரியர்கள்தான் அதிகம். 30 கிலோ நாய்க்கு ஒரு வாயாக இருப்பது 2.8 கிலோ நாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு, இல்லையா? பட்டுவுக்கு இப்படி எச்சில் வடிந்தாலோ, விழுங்கியது உடனே திரும்பி வந்தாலோ, வாழைப்பழம், சோற்று உருண்டை என்று கைவைத்தியம் பார்க்காமல் நேராக எக்ஸ்ரே உள்ள இடத்துக்குப் போங்கள்.

மலம் சுண்ணாம்பாக வருவதும் இந்தக் கழுத்தால்தான். கழுத்தில் சதையைவிட எலும்பு நிறைய, கால்சியம் தேவைக்கு மேலே போகிறது. எலும்பை விட்டு வெறும் சதை கொடுத்தால் கதை தலைகீழ். கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சமமாக, அல்லது கால்சியம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். வெறும் கறியிலோ பாஸ்பரஸ்தான் பல மடங்கு. உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி ஈடுகட்டும். கழுத்து விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நாய்களின் பின்னங்கால் தளர்ந்து, பிறகு நான்கு காலும் செயலிழக்கும் ஒருவகை நரம்பு நோய்க்கும், பச்சைக் கோழி தின்பதற்கும் தொடர்பு இருப்பதாக மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் காட்டியது. கோழிக்கறியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி அதைத் தூண்டுவதாகக் கருதுகிறார்கள்.

கிருமி என்றதும் குழந்தைக்கும் மாமியாருக்கும் வந்துவிட்டோம். பச்சைக்கறி நாய் உணவு 196 மாதிரிகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை சோதித்தபோது 15-ல் சால்மோனெல்லாவும் 32-ல் லிஸ்டீரியாவும் இருந்தன. அவை ஆலையில் அடைத்து, உறையவைத்து விற்பவை. நம் பிராய்லர் கடையில் ஒரே கட்டை, ஒரே கத்தி, ஒரே தண்ணீர். ஃப்ரீசரில் வைத்தால் சால்மோனெல்லா செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். உறங்கும், அவ்வளவுதான். நாய்க்கு ஒன்றுமே ஆகாமல் மலத்தில் மட்டும் கிருமி வந்துகொண்டிருக்கும். யார்க்கியின் முகத்தைப் பாருங்கள். தட்டில் குனிந்தால் மீசையும் தாடியும் கறிச்சாற்றில் தோய்ந்துதான் நிமிரும். அந்த ஈர முகத்தோடு ஓடிப்போய்க் குழந்தையின் கன்னத்தை நக்கும், மாமியார் மடியில் ஏறும். சின்னக் குழந்தைக்கும், சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கும் இந்தக் கிருமிகள் சாதாரண வயிற்றுப்போக்கோடு நிற்காமல் போகலாம்.

ஆட்டு ஈரலில் நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக இருக்கும் ஒருவகை நாடாப்புழு, பச்சையாகத் தின்ற நாயின் குடலில் வளர்ந்து முட்டை போடும். அந்த முட்டை கைவழியே மனிதர் வயிற்றுக்குப் போனால் வருடக்கணக்கில் வளர்ந்து கல்லீரலில் கட்டியாகும். நாய்க்குள் போன புழு முட்டை போடப் பொதுவாக ஆறு வாரம் போல ஆகும். உங்களுக்கு ஆகியிருப்பது மூன்று வாரம். ஆகவே இப்போதே மருத்துவரிடம் ஈரல் விஷயத்தைச் சொல்லி, பிராசிகுவாண்டல் உள்ள குடற்புழு மருந்தை எடைக்கேற்பக் கொடுத்துவிடுங்கள். சாதாரணப் புழு மருந்துகள் எல்லாவற்றிலும் இது இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் என்ன கொடுப்பது? பரிசோதனை முடியும்வரை குழைந்த சாதம், வெந்த முட்டை, கொஞ்சம் தயிர், பழைய பாக்கெட் உணவை வெந்நீரில் ஊறவைத்தது, இப்படி நாளுக்கு நான்கு சிறு வேளைகளாகக் கொடுங்கள். அடம்பிடிக்கிறாள் என்று பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். இத்தனை சிறிய நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஈரல், கழுத்து இரண்டும் வேண்டாம்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் கறி தாராளமாகக் கொடுக்கலாம், வேகவைத்து. பட்டுவுக்கு ஒருநாள் தேவையே சுமார் 200 முதல் 240 கலோரிதான். சிறிய இன நாய்களுக்கான முழுச் சத்துணவு என்று அச்சிட்ட பாக்கெட் உணவை அடிப்படையாக வைத்து, அதன் மேல் தோல் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்து இரண்டு ஸ்பூன் போட்டு, வெந்த தண்ணீரையும் ஊற்றி வெதுவெதுப்பாக வையுங்கள். அவளைத் தட்டுக்கு இழுப்பது வாசனைதான், சூட்டில் அது இன்னும் எழும்பும். தோலையும் கொழுப்பையும் நீக்கச் சொல்வது கணைய அழற்சிக்காக. யார்க்கிகளுக்கு அது எளிதில் வரும். வீட்டுக்கு வைத்த குழம்புக்கறியைக் கழுவிக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், கழுவினால் போகாது.

முழுக்க வீட்டுச் சமையல்தான் என்று முடிவு செய்தால், கண்ணளவில் செய்யாதீர்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் கால்சியம் சரியாகிவிடும், உண்மைதான். ஒரு ஓட்டில் இரண்டு கிராம் போல இருக்கிறது, பட்டு அளவு நாய்க்கு ஏறக்குறைய ஒரு வாரம் வரும். ஆனால் துத்தநாகம், அயோடின், தாமிரம், வைட்டமின் டி, ஈ இவற்றுக்கு ஓடு உதவாது. உங்களுக்குப் பக்கத்திலேயே நாமக்கல்லில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே உணவியல் துறையில் அவள் எடை, வயது, பரிசோதனை முடிவுகளைக் கொடுத்து அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று மாலையே செய்ய வேண்டியது: மிச்சக் கழுத்துகளை எறிந்துவிட்டு, கறி வைத்த ஃப்ரீசர் தட்டையும் அவள் சாப்பிடும் கிண்ணத்தையும் சோப்புப் போட்டுச் சூடான தண்ணீரில் கழுவுங்கள். பட்டுவின் தாடியைக் குட்டையாக வெட்டி, முகத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு மூன்று வாரம் அவள் மலத்தை அள்ளுவது பெரியவர்கள் கையுறையோடு செய்யட்டும், குழந்தை அந்தப் பக்கம் போக வேண்டாம். பித்த அமில முடிவு வந்ததும் இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள், சாப்பிட்ட பிறகு எடுத்ததையும் மறக்காமல்.