தோலோடு சமைப்பதா, சீவிச் சமைப்பதா?

கேள்வி: காய்கறித் தோலில் சத்து அதிகம் என்று கேள்விப்பட்டதிலிருந்து உருளைக்கிழங்கு, பீர்க்கங்காய், சுரைக்காய் எதையும் சீவாமலே சமைக்கிறேன். பூச்சிமருந்தை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது. என் மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறும் உண்டு. நான் செய்வது சரியா?

பதில்: உங்கள் நோக்கம் நல்லது, ஆனால் எல்லாக் காய்க்கும் ஒரே விதி பொருந்தாது.

உருளைக்கிழங்கை முழுதாகத் தோலோடு வேகவைப்பதையே நானும் பரிந்துரைப்பேன். சீவி நறுக்கி வேகவைத்தால் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் நீரில் கரைந்து வெளியேறும். தோல் அதைப் பெருமளவு தடுக்கிறது. வெளிச்சத்தில் கிடந்து பச்சை பூத்த கிழங்கு மட்டும் இதற்கு விலக்கு. சந்தேகம் வந்தால் நகத்தால் தோலைக் கீறிப் பாருங்கள். அடியில் தெரியும் பச்சை வெறும் பச்சையம்தான், அதனால் கேடில்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் தோலை ஒட்டிச் சோலனின் என்னும் நச்சும் கூடியிருக்கும். வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாக்கும் அந்த நச்சு, வேகவைத்தாலும் அழிவதில்லை. ஓரிரு இடத்தில் மட்டும் பச்சை இருந்தால் அங்கே ஆழமாகச் சீவி, முளைகளையும் தோண்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பரவியிருந்தால் கிழங்கையே எறிந்துவிடுங்கள்.

பீர்க்கங்காயை அப்படியே கூட்டில் போட்டால் மேடான நரம்புகள் வாயில் நார்நாராகத் தட்டுப்படும். சீவிய இளந்தோலை எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு துவையலாக அரைக்கும் நம் வீட்டு வழக்கத்தைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. சுரைக்காய்த் தோலையும் அவ்வாறே அரைக்கலாம். ஆனால் நறுக்கியதும் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, காய் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் தோலில் மட்டும் இருப்பதன்று, சமைப்பதாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் உயிரிழந்ததும் உண்டு. மரவள்ளிக்கிழங்கின் தோலில் சயனைடு உருவாக்கும் பொருள் மிகுதி என்பதால் அதைக் கட்டாயம் உரித்துவிட வேண்டும்.

பூச்சிமருந்தைப் பொறுத்தவரை, மேற்பரப்பில் படிந்ததைத்தான் கழுவி நீக்க முடியும். 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளை வைத்துச் சோதித்தபோது, ஒரு விழுக்காடு சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடங்கள் ஊறவைத்ததில், அவர்கள் பூசிய இரு மருந்துகளும் மேற்பரப்பிலிருந்து நீங்கின; தோலுக்குள் ஊடுருவியது மட்டும் எஞ்சியது. வீட்டு அளவில் ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி சோடா போதும். பிறகு நல்ல நீரில் அலசிவிடுங்கள்.

மாமனாருக்கு உருளைக்கிழங்கு பற்றிய ஆலோசனை அப்படியே தலைகீழாகும். இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், நமக்குக் கிழங்கிலேயே தங்க வேண்டிய பொட்டாசியம் அவருக்கு வெளியேற வேண்டும். அவர் பங்கைத் தனியே எடுத்து, தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். வடித்த நீரை அவருக்கான குழம்பிலோ ரசத்திலோ சேர்க்காதீர்கள்.