அரை கிலோ அரிசிக்கு எத்தனை டம்ளர்?

எடையில் எழுதிய குறிப்பை டம்ளரில் அளந்து சமைப்பவர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, வீட்டில் தராசு இல்லை. குறிப்பில் அரை கிலோ பொன்னி அரிசி என்று போட்டிருக்கிறது. எத்தனை டம்ளர் போடுவது?

தராசு வேண்டாம். அடுத்த முறை ஒரு கிலோ பாக்கெட் பிரிக்கும்போது, தினமும் அளக்கும் டம்ளரால் தலைதட்டி அளந்து டப்பாவில் கொட்டுங்கள். எத்தனை டம்ளர் வந்ததோ அதை டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். என் வீட்டு 200 மில்லி டம்ளரில் ஆறு நிறைந்து, ஏழாவதில் அடியில் கொஞ்சம் கிடந்தது. அதனால் எனக்கு அரை கிலோ என்றால் மூன்று டம்ளரும் ஒரு சிறங்கையும். உங்கள் டம்ளர் வேறு, எண்ணும் வேறாகத்தான் வரும். அவசரத்துக்கு, 240 மில்லி கப் ஒன்றுக்கு 190 முதல் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். தலைதட்டுவது முக்கியம், குவித்து அளந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

எலக்ட்ரிக் குக்கரோடு வந்த கப்பில் இரண்டு கப் அரிசி போட்டு, கேக் செய்யும் கப்பில் நாலு கப் தண்ணீர் விட்டேன். குழைந்து களியாகிவிட்டது.

ஆகாமல் இருக்குமா? குக்கர் கப் 180 மில்லிதான். அது ஜப்பானில் அரிசி அளக்கும் ‘கோ’ என்ற பழைய அளவு. 150 கிராம் அரிசி பிடிக்கும். கேக் கப் 240 மில்லி. நீங்கள் விட வேண்டியது 720 மில்லி, விட்டதோ 960. அரிசிக்கு எந்தப் பாத்திரமோ தண்ணீருக்கும் அதே பாத்திரம்.

பிரியாணிக்கு ‘ஒன்றுக்கு ஒன்றரை’ என்றார்கள். ஒரு கிலோ பாஸ்மதிக்கு ஒன்றரை லிட்டர் விட்டேன். விதை விதையாக நின்றது. ஏன்?

இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். நானும் ஒரு சீமந்தத்துக்கு இப்படிச் செய்துவிட்டு, பாதியில் வெந்நீர் தெளித்துச் சமாளித்திருக்கிறேன். தண்ணீர் ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். அரிசி அப்படி இல்லை. மணிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் ஒரு கிலோ பாஸ்மதி சுமார் ஒன்றேகால் லிட்டர் இடத்தை அடைக்கும். ‘ஒன்றுக்கு ஒன்றரை’ கப் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 1.9 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வேண்டும். கிட்டத்தட்ட 400 மில்லி குறைத்துவிட்டீர்கள். இனி யாராவது விகிதம் சொன்னால், எடையா அளவா என்று முதலில் கேளுங்கள்.

பாட்டியின் பித்தளை ஆழாக்கு கிடைத்தது. அதில் எவ்வளவு அரிசி பிடிக்கும்?

புளி போட்டுத் தேய்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்! ஆழாக்கு சுமார் 168 மில்லி. தலைதட்டினால் 140 கிராம் அரிசிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அதாவது எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும், அந்தக் காலத்தில் கோபுரமாகக் குவித்தும் அளப்பார்கள். ஆகவே பாட்டி ‘ஒரு படி’ என்று எழுதி வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அந்த ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி மில்லி அளவுள்ள ஜாடியில் ஊற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சீரகச் சம்பாவுக்கும் பாஸ்மதிக்கும் ஒரே கப் கணக்கா?

சம்பா பொடி மணி, நெருங்கி உட்காரும். அதனால் அதே கப்பில் சற்றுக் கூடுதல் எடை நிற்கும். ஒரு கப்புக்குப் பத்துப் பதினைந்து கிராம் வித்தியாசம் வரலாம். வீட்டுச் சமையலுக்கு விட்டுத்தள்ளுங்கள், பத்துக் கிலோ போட்டால் மட்டும் எடையிலேயே வாங்கிப் போடுங்கள்.

ஊறிய அரிசியை அளக்கலாமா?

கூடாது. நீரைக் குடித்து எடையும் கூடியிருக்கும், பருத்தும் இருக்கும். ஊறப்போடும் முன்பே அளந்துவிடுங்கள்.

அரிசி மாவுக்கும் இதே கணக்குதானா?

இல்லவே இல்லை. சலித்த மாவு ஒரு கப்பில் லேசாக நிற்கும், அதையே அமுக்கினால் இன்னும் எவ்வளவோ பிடிக்கும். முறுக்குக்கு மாவை மட்டுமாவது தராசில் போடுங்கள்.